எட்டு எழுத்து, முப்பத்தொன்பது பைட்டு



தபசுத் திருவிழாவுக்கும் விசைத்தறிக்கும் பூச்சந்தைக்கும் பெயர்பெற்ற இந்தச் சங்கரன்கோவிலில், வலைச் சர்வரும் செயலியும் பேசிக்கொள்ளும் முறையை ஆராயும் கருத்தரங்குக்குக் கூடியிருக்கிறோம். இது பெருநகரங்களுக்கு மட்டும் உரிய ஆராய்ச்சி அல்ல. இதே மாவட்டத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் மென்பொருள் உருவாக்கி வருகிறது. இன்று என் பேச்சு பைத்தான் நிரல்மொழி உலகத்து ஓர் உடன்பாட்டைப் பற்றியது.

2003 டிசம்பரில் பிலிப் ஜே. ஈபி ‘பெப் 333’ என்ற முன்மொழிவு ஆவணத்தை முன்வைத்தார். அதற்கு முன் ஜோப், குயிக்சோட், வெப்வேர், ட்விஸ்டட் என ஒவ்வொரு சட்டகமும் தன் வழியில் சர்வரோடு பேசியது. ஒன்றைத் தேர்ந்தால் சர்வரும் ஏறக்குறைய அதோடு முடிவாகிவிடும். ஈபி தம் ஆவணத்தில் வகுத்த டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்ற உடன்பாடு அந்தக் கட்டை அவிழ்த்தது. சர்வர் ஓர் அகராதியையும் ஒரு சார்பையும் செயலியிடம் தரும். செயலி நிலைக்குறியையும் தலைப்புகளையும் அந்தச் சார்பின் வழியே அறிவித்துவிட்டு, பைட்டுகளைத் திருப்பித் தரும். அவ்வளவுதான் உடன்பாடு. பின்னாளில் வந்த ஜாங்கோவும் ஃப்ளாஸ்கும் இதையே பேசின.

உடன்பாடு எழுதுவது ஒன்று. அது காக்கப்படுகிறதா என்று பார்ப்பது வேறு. நிரலாளர் இயன் பிக்கிங் தம் ‘பேஸ்ட்’ நூலகத்தில் எழுதிய சரிபார்ப்பானை அடியொற்றிய கூறு ஒன்று, 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. அதன் இருப்பிடம்தான் அதன் சிறப்பு. அது சர்வருக்குச் செயலியாகவும், செயலிக்குச் சர்வராகவும் தோற்றமளித்து நடுவில் நிற்கிறது. சர்வர் தந்த அகராதியில் கேட்பு முறை, சர்வர் பெயர், போர்ட் எண் எல்லாம் உள்ளனவா? செயலி தந்த தலைப்புகள் பட்டியலாக உள்ளனவா? உள்ளடக்க வகை விடுபட்டதா? திரும்பி வந்த துண்டுகள் உண்மையில் பைட்டுகளா? பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, எந்த விதி மீறப்பட்டது என்று சொல்லிவிடும். சர்வர்மேல் தவறா, செயலிமேல் தவறா என்று இரு குழுக்கள் நாள்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பூச்சந்தையில் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பவர் பூவின் தரத்தைப் பார்ப்பதில்லை. சரிபார்ப்பானும் அப்படியே. அது பிழை என்றால் ஏறக்குறைய உறுதியாகப் பிழை. அது வாய்திறக்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று கொள்ள முடியாது.

நம் மொழிக்குச் சிக்கல் வருவது சரிபார்ப்பான் பார்க்காத அந்த இடைவெளியில்தான். ‘சங்கரன்கோவில்’ என்று எழுதுங்கள். நம் கணக்கில் எட்டு எழுத்து. யூனிகோடில் 13 குறிப்புள்ளிகள். யூ.டி.எஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, ஆக 39. உள்ளடக்க நீளம் என்ற தலைப்பு கேட்பது பைட்டுக் கணக்கை. செயலி எழுதியவர் சரத்தின் நீளத்தை அளந்து 13 என்று போட்டுவிட்டார் என்று கொள்ளுங்கள். குறித்த அளவுக்கு மேல் சர்வர் அனுப்பக் கூடாது என்பது விதி. பன்னிரண்டு பைட்டில் ‘சங்க’ வந்து சேரும். பதின்மூன்றாவது, உடைந்த ‘ர’வின் முதல் பைட்டு. நான் சொன்ன சரிபார்ப்பான் இந்த நீளத்தை உடலோடு ஒப்பிடுவதே இல்லை. ஆங்கிலத்தில் சோதித்தவருக்கு இது ஒருநாளும் தெரியாது. அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட டாம், டாப் என்ற தமிழ்க் குறியேற்றங்கள் எட்டு பிட்டில் அடங்கியவை; அக்காலத்தில் இந்த இடர் எழவில்லை. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில், பைத்தான் 3க்கு ஏற்றபடி ‘பெப் 3333’ வந்தது. அதில் நம்மைத் தொடும் விதி ஒன்று உண்டு. முகவரியின் பாதைப் பகுதியைச் சர்வர் லத்தீன்-1 சரமாக மாற்றித் தரும். தமிழில் அமைந்த பாதை என்றால் செயலிக்குள் அது உருத்தெரியாமல் வந்து நிற்கும். அதை மறுபடி பைட்டாக்கி, யூ.டி.எஃப்-8ஆகப் படிக்க வேண்டியது செயலியின் பொறுப்பு. சட்டகங்கள் இதைச் செய்துவிடுகின்றன. சட்டகம் இல்லாமல் எழுதும் மாணவர்தான் தடுமாறுகிறார்.

ஆகவே நம் கல்லூரி ஆய்வகங்களில் இரண்டு வழக்கங்கள் வர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மாணவர் ஒப்படைக்கும் ஒவ்வொரு வலைச் செயலியும் சரிபார்ப்பான் வழியாக ஓடிய பின்பே மதிப்பெண். இரண்டாவது, சோதனைத் தரவு தமிழில் இருக்க வேண்டும். உதாரணப் பெயராக ‘ஜான்’ என்று ஆங்கில எழுத்தில் கொடுத்துச் சோதித்த செயலி, கோமதியம்மாள் என்ற பெயரைத் தாங்குமா என்று யார் சொல்வது? பொறுப்பாகச் சோதிக்க நம்மைவிடத் தகுந்தவர் யார்?

பிற்பகல் அமர்வில் பொதுச் சோதனைச் சொற்பட்டியல் ஒன்றைத் தொகுக்கப் போகிறோம். ‘கோ’வை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், பார்வைக்கு ஒன்று, பைட்டில் வேறு. ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியேற்றங்கள் புழங்குகின்றன. இவை கட்டாயம் இடம்பெற வேண்டும். தமிழ் எண்களையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் பைட்டு நீளத்தையும் எழுதித் தாருங்கள்.

கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.