நீலகிரியின் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் நம் காவிரியும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இஞ்சினியர் ஒருவன் பேச வருகிறான் என்றால் வேலைவாய்ப்பு, கம்ப்யூட்டர், வெளிநாடு என்று ஏதாவது சொல்வான் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு பூச்சியைப் பற்றி. அதுவும் தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு பூச்சி. "நமக்கும் அதற்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் பேச்சின் பிற்பகுதியில் வருகிறது. அது தண்ணீர் சம்பந்தப்பட்டது. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் வயல் வரப்பில், வாய்க்கால் கரையில், தகரைச் செடி முளைத்த இடத்திலெல்லாம் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது சமவெளிக்காரன். வெயில் அதற்குப் பிரச்சினையே இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த உறவுக்காரன் ஒருவன் நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றின் உச்சிப் பகுதியில் மட்டும் வாழ்கிறான். விஞ்ஞானப் பெயர் கோலியாஸ் நீலகிரியென்சிஸ். 1859-ல் வியன்னாவைச் சேர்ந்த ஃபெல்டர் என்ற தந்தையும் மகனும் சேர்ந்து வைத்த பெயர் அது. மஞ்சள் புடவைக்குக் கறுப்புக் கரை போட்ட மாதிரி இறகு. பின் இறகின் நடுவில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு. உட்காரும்போது இறகை மூடிக்கொள்ளும். அப்போது பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிவதால் புல்லுக்குள் கண்டுபிடிப்பது சிரமம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. இதன் சொந்தபந்தங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன தெரியுமா? இமயமலையில், மத்திய ஆசியாவில், ஐரோப்பாவில், வட அமெரிக்காவின் மலைகளில். குளிர் தேசத்து வம்சம் இது. நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் வெப்பமான சமவெளி கிடக்கிறது. அதைத் தாண்டி இங்கே எப்படி வந்தது? பனியூழிக் காலத்தில் நாடு முழுவதும் குளிர்ந்து வறண்டு கிடந்தபோது, குளிர்ப் பிரதேச உயிரினங்கள் தெற்கே இறங்கி வந்தன. பிறகு பூமி சூடாக, அவை மலையுச்சிக்கு ஏறிக்கொண்டன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வரையாட்டுக்கும், சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்துக்கும் இதே மாதிரி இமயமலையில் உறவுகள் உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு மேட்டில் தங்கிவிட்ட மீன்களைப் போல இவை அங்கே தங்கிவிட்டன.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டியும் கொடைக்கானலும் இந்தப் பூச்சிக்கு இரண்டு தீவுகள். சுற்றிலும் இருக்கும் வெப்பம்தான் கடல். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்தில் தாழ்ந்து கிடக்கிறது. பஸ்ஸில் நாம் ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரம். குளிருக்குப் பழகிய பூச்சிக்கு அது பெரிய சமுத்திரம்.

இனி என் தொழில் சம்பந்தமான விஷயம். இந்தப் பூச்சிக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. இந்த வம்சத்தின் அமெரிக்க உறவுகளை ஆராய்ந்த வார்ட் வாட் என்ற விஞ்ஞானி 1968-ல் ஓர் அருமையான கட்டுரை எழுதினார். அவை நன்றாகப் பறக்க உடம்பு வெப்பம் 35 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மலைக் காற்றோ 15 டிகிரிதான் இருக்கும். மீதி இருபது டிகிரிக்கு எங்கே போவது? மூடிய இறகின் அடிப்பக்கத்தை வெயிலுக்கு நேர் செங்குத்தாகத் திருப்பிச் சாய்ந்து உட்காருகின்றன. அந்தப் பக்கத்தில் கறுப்புச் செதில்கள் கலந்திருக்கின்றன. கறுப்பு, வெயிலை உறிஞ்சி உடம்பைச் சூடாக்கும். குளிர் அதிகமான இடத்தில் கறுப்பும் அதிகம். மொட்டைமாடியில் நாம் வைக்கிற சோலார் ஹீட்டரும் இதே தத்துவம்தான். கோணம் பார்த்து வைக்க நமக்கு ஆள் தேவை. அது தானே பார்த்து உட்காருகிறது.

இதிலிருந்து முக்கியமான விஷயம் ஒன்று தெரிகிறது. இந்தப் பூச்சிக்கு வெயில் விழும் திறந்த வெளி வேண்டும். இதன் புழு தின்பதும் தரையோடு படரும், மூன்று இலை கொண்ட பயறு வகைச் செடிகளை. நீலப் பூ பூக்கும் பாரோசெட்டஸ் என்ற சின்னக் கொடி ஒன்று. வெள்ளைக்காரர்களோடு வந்த வெள்ளை க்ளோவர் இன்னொன்று. வெளிநாட்டுச் செடி என்றாலே விரோதி என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு க்ளோவரே சாட்சி. ஆனால் இரண்டுமே தாழ்ந்த செடிகள். மேலே நிழல் மூடினால் செடியும் ஒடுங்கும், பூச்சிக்கும் வெயில் கிடைக்காது.

அந்தத் திறந்த வெளிதான் உயர்மலைப் புல்வெளி. மலை மடிப்புகளில் குட்டையான அடர்ந்த சோலை, மேடுகளில் புல், அடியில் சதுப்பு. தோடர்களின் எருமை மேய்ந்த நிலம் அது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 2006, 2018 என்று குறிஞ்சி பூத்த சரிவுகளும் இவைதான்.

இந்தப் புல்வெளிக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். மேலே வந்த அதிகாரிகள் மரம் இல்லாத மேட்டைப் பார்த்தார்கள். "சும்மா கிடக்கிற நிலம்" என்று நினைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்ற வாட்டில் மரமும் தைல மரமும் வந்துவிட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் பெரிய அளவில் நட்டார்கள். தோல் பதனிட வாட்டில் பட்டை, ரேயானுக்கும் காகிதத்துக்கும் தைல மரக் கூழ், கூடவே பைன். தேயிலையும் காய்கறித் தோட்டமும் இன்னொரு பக்கம். வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும். நடுவதை நிறுத்தினாலும் அது பரவுவது நிற்கவில்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. நாற்பது வருஷம். இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களின் உத்தியோக காலம், அவ்வளவுதான்!

"முன்னாலே அங்கே காடு இருந்திருக்கும், மனுஷன் வெட்டிப் புல்லாக்கியிருப்பான்" என்று வாதாடுபவர்கள் உண்டு. இதற்குப் பதில் நீலகிரிச் சதுப்பு மண்ணிலேயே இருக்கிறது. புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு. அந்த அடையாளம் மண்ணில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். ஆர். சுகுமார் குழுவினர் அதைப் படித்து 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இருபதாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. கோடாலி வருவதற்கு ரொம்ப முந்திய புல் அது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நம் வயலுக்கு வரும் நீரின் பெரும்பங்கு கர்நாடக மலைகளிலிருந்து மேட்டூர் வழியாக வருகிறது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேட்டூருக்குக் கீழே காவிரியோடு சேரும் ஆறுகளையும் கணக்கில் எடுங்கள். பவானிக் கூடுதுறையில் சேரும் பவானி நீலகிரியின் மேட்டிலிருந்து வருகிறது. முக்குருத்திப் பக்கம் பைக்காராவாகப் பிறந்து மோயாறாக ஓடும் ஆறு பவானிசாகரில் அதோடு கலக்கிறது. கரூர் அருகே சேரும் அமராவதி, ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் நடுவிலிருந்து இறங்குகிறது. வழியிலேயே கொங்கு நாட்டுப் பாசனம் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்மை. இருந்தாலும் மிஞ்சுவது கல்லணைக்குத்தான் வந்தாக வேண்டும்.

புல்வெளி தண்ணீரை எப்படி வைத்திருக்கிறது? புல் குறைவாகக் குடிக்கும். பனிக்காலத்தில் காய்ந்து ஓய்வெடுக்கும். மழை நீர் மண்ணில் இறங்கி, சதுப்பில் தேங்கி, கோடையிலும் கசிந்துகொண்டே இருக்கும். தைல மரத்தின் வேரோ ஆழமாக இறங்கி வருஷம் பூராவும் உறிஞ்சும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. உதகமண்டலத்தில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் க்ளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்து ஓடைப் படுகைகள் இரண்டை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் தைல மரம் நட்டு, 1970-களிலிருந்து வருஷக்கணக்காக ஓடை நீரை அளந்தார்கள். முதல் சுற்றுப் பத்து வருஷத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். நாலு மரக்கால் அளக்க வேண்டிய இடத்தில் மூன்று மரக்கால்! குறுவைக்கு ஜூன் மாதம் அணை திறக்குமா என்று பேப்பரைப் புரட்டும் நமக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மரம் இருந்த இடத்தில் மரம் வேண்டும். வெட்டவெளியாக இருந்த இடம் வெட்டவெளியாகவே இருக்க வேண்டும். வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கம் தைலமரத் தோப்புகளைப் பார்த்த நம் விவசாயிகளிடம் கேளுங்கள், பக்கத்துக் கிணறு என்ன ஆனது என்று. 'தரிசு', 'புறம்போக்கு' என்று ஏட்டில் ஒரு வார்த்தை எழுதிவிட்டால், அந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள், அது யாருக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்று பிறகு யாரும் கேட்பதில்லை. பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். நாளைக்கு ஒரு பிளான் உங்கள் மேஜைக்கு வரும். அதில் 'காலி நிலம்' என்று ஒரு கட்டம் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மழைக்காலத்தில் ஒரு நாள், கோடையில் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

நல்ல செய்திகளும் உண்டு. 2019-ல் மலைக்காடுகளில் வாழும் தமிழ் மறவன் என்ற வண்ணத்துப்பூச்சியை நம் அரசு மாநிலப் பூச்சியாக அறிவித்தது. 2022-ல் வரையாட்டுக்கென்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. வரையாடு மேயும் புல்லைக் காப்பாற்றினால் நம் மஞ்சள் பூச்சியும் அந்த நிழலிலேயே பிழைத்துக்கொள்ளும். நிழல் என்று வாய் தவறி வந்துவிட்டது. வெயிலிலே என்று வைத்துக்கொள்ளுங்கள்! பழைய தோப்புகளை ஒரேயடியாக வெட்டவும் அவசரப்படக் கூடாது. சில இடங்களில் அவற்றின் அடியில் சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. மிஞ்சியுள்ள புல்வெளியின் ஓரத்தில் புதிதாக நுழையும் வாட்டில் கன்றுகளை முதலில் பிடுங்குவதுதான் செலவு குறைந்த வேலை. நாற்றங்காலில் களை எடுக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். முளையிலேயே எடுத்தால் ஒரு கை போதும், முற்றவிட்டால் பத்து ஆள் வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

மாணவர்களே, அடுத்த முறை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டூர் போனால் போட் ஹவுஸோடு திரும்பிவிடாதீர்கள். அனுமதி உள்ள பாதையில், வெயில் ஏறிய பிறகு, ஒரு புல்மேட்டின் ஓரமாக அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். மஞ்சளாக ஒன்று வேகமாகத் தாழப் பறந்து போனால் படம் எடுங்கள். தேதி, இடம், பக்கத்தில் இருந்த செடி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிடிக்க வேண்டாம். விலங்கியல் துறையில் காட்டினால் அது வரப்புப் பூச்சியா, மலைப் பூச்சியா என்று சொல்லிவிடுவார்கள். அது மலைப் பூச்சியாக இருந்தால், அந்த மேட்டில் வெயிலும் புல்லும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சரிவிலிருந்து கசியும் நீர் இன்னும் கீழ்நோக்கி, நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது.