லேசர் ஒளியும் நமது தோலும்



லேசர் என்றவுடன் கண்ணுக்கு ஆபத்து என்று யாவரும் சொல்லுகிறார்கள். அது உண்மையே. ஆனால் மயிர் நீக்கவும், பச்சை குத்தியதை அழிக்கவும் இன்று நம்மவர்கள் காசு கொடுத்து அவ்வொளியை ஏற்பது தோலின் மீதேயாகும். ஆகவே தோல் எவ்வளவு தாங்கும், அந்த எல்லையை எப்படிக் கண்டார்கள் என்பதை நாம் அறிய வேண்டாமா?

1960ல் அமெரிக்காவில் மெய்மன் என்பவர் முதல் லேசரை ஒளிரச் செய்தார். சில ஆண்டுகளுக்குள்ளாகவே, சின்சினாட்டி நகரத் தோல் வைத்தியர் லியோன் கோல்ட்மன், அது தோலை என்ன செய்கின்றது என்று ஆராயத் தொடங்கினார். பிறகு ஆராய்ச்சியாளர்கள் பலவித அளவுகளில் ஒளியைப் பாய்ச்சி, எந்த அளவில் பாதித் தடவை தோலில் சிறு புண்ணாவது உண்டாகின்றது என்று கணக்கெடுத்தார்கள். பாதித் தடவை சுடுகின்ற அளவைப் பத்திரமான அளவு என்று எவரும் சொல்லமுடியாதல்லவா? அதனால் அதற்குப் பல மடங்கு கீழே, பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கையொட்டி, எல்லையை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி 10 விநாடிக்குமேல் தோலில் படுவதானால், சதுர சென்டிமீட்டருக்கு 200 மில்லிவாட் என்பது அவ்வெல்லை. உடலில் பரந்த இடத்தில் பட்டால் இதையும் குறைத்தாக வேண்டும்.

நிற்க. இந்த எல்லை தற்செயலாக ஒளி பட்டுவிடுபவர்களுக்கு ஏற்பட்டது, சிகிச்சைக்கு அல்ல. மயிர்க்காலைச் சுடுவதே வேலையாயிருக்கும் இடத்தில் வேண்டுமென்றே எல்லை மீறப்படுகின்றது. அங்கு நம்மைக் காப்பது கருவியைப் பிடிப்பவரின் அறிவு ஒன்றேயாகும்.

அந்த அறிவு நம்மவர்களுக்கு அதிகமாய்த் தேவை. ஏனென்றால், தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாகின்றது. வெள்ளைத் தோலைச் சற்றுச் சிவக்கச் செய்துவிடும் அளவே கருத்த தோலைக் கொப்புளிக்கச் செய்யக்கூடும். 755 நானோமீட்டர் ஒளியைவிட 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால், கருத்த தோலுக்கு அதுவே ஆபத்துக் குறைந்தது.

ஆதலால் தோழர்களே, கடைக்காரர் "பயமில்லை" என்றால் அத்துடன் திருப்தியடைந்துவிடாதீர்கள். எந்த ஒளி, எவ்வளவு சக்தி, நம் நிறத்திற்கு இது ஏற்றதா என்று கேளுங்கள். முதலில் ஒரு சிறு இடத்தில் பட்டுப் பார்த்து, சில நாள் பொறுத்த பிறகே மேலே செல்லச் சொல்லுங்கள். தோலைக் குளிரச் செய்ய ஏற்பாடு உண்டா என்றும் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் தோலை ஒப்படைக்காதீர்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.