நாம் மறைத்த நோயும் மருத்துவர் ரங்கபாஷ்யமும்



பிள்ளையார்பாளையத்தில் என் பெரியப்பா குழித்தறியில் நெய்தவர். அவருக்கு மலத்தில் ரத்தம் வந்தது. குழியில் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் மூலம் வரத்தானே செய்யும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். பெரியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நெய்கிற பட்டில் கறை பட்டுவிடுமோ என்ற பயம் மட்டும் இருந்தது. பழைய வேட்டியை நாலாக மடித்து உட்காரும் பலகைமேல் போட்டுக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்து மருத்துவரிடம் போனபோது, அங்கேயும் விரல் விட்டுப் பார்க்காமல் மூலத்துக்குக் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு வந்திருந்தது மலக்குடல் புற்றுநோய். நான் அறுவை மருத்துவம் படிக்கப் போனதற்கு அந்த மடித்த வேட்டிதான் காரணம்.

நம் காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா பிறந்த ஊர். உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். காரப்பேட்டையில் அவர் பெயரிலேயே புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. உணவுப்பாதையின் மேல்முனையில் வந்த நோயை வீட்டுக்கு வீடு பேசினோம். கீழ்முனையில் வந்தால் வாய் திறப்பதில்லை.

நாம் வாய் திறக்காத அந்தக் கீழ்முனை நோய்களுக்கென்றே லண்டனில் ஃபிரெடரிக் சாமன் என்ற மருத்துவர் 1835இல், பவுத்திரமும் மலக்குடல் நோய்களும் வந்த ஏழைகளுக்காக ஏழே படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை தொடங்கினார். இன்று செயின்ட் மார்க்ஸ் என்று உலகம் அறிந்தது அதுதான். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841இல் பவுத்திர அறுவை செய்தவரும் அவரே, அதுவும் மயக்க மருந்து வருவதற்கு முன்பு. அதே 1835இல்தான் சென்னையிலும் மருத்துவப் பள்ளி திறந்தது. ஆனால் குடல் அறுவைக்கென்று தனித் துறை அங்கே வர ஒன்றரை நூற்றாண்டு அளவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் துறையை உருவாக்கியவர் பேராசிரியர் ந. ரங்கபாஷ்யம் (1934–2013). இந்தியாவின் முதல் இரைப்பை-குடல் அறுவைத் துறை சென்னை மருத்துவக் கல்லூரியில் அவரால் எழுந்தது. அத்துறைக்கான எம்.சிஹெச். உயர்படிப்பும் அங்கேதான் தொடங்கியது. 2002இல் பத்மபூஷண் பெற்றார். எனக்கு விருதைவிடத் துறை பெரிது. பொது அறுவை வார்டில் குடலிறக்கத்துக்கும் புண்ணுக்கும் நடுவே எப்போதாவது வருகிற ஒரு நோயாளி, தனித் துறையில் தினமும் வருகிறார். ஒரே கைகள் அதே அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. எங்கே தவறியது என்று குறிப்பேடு சொல்கிறது. ஆராய்ச்சி பிறப்பது அங்கேதான்.

குடல் அறுவையை நெசவாளர்களான உங்களுக்கு விளக்குவது எளிது. பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை முறுக்கிப் பிணைக்கிறீர்கள். விறைப்பாக இழுத்துக்கொண்டு பிணைத்தால் அறுந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். நோயுள்ள குடலை வெட்டி எடுத்து இரு முனைகளைச் சேர்க்கும்போதும் அதே கதைதான். இரண்டு முனைக்கும் ரத்தம் ஓட வேண்டும், இழுவை இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் சில நாட்களில் தையல் விட்டு, மலம் வயிற்றுக்குள் கசியும். நான் இரவில் தூங்காமல் காத்திருந்ததெல்லாம் அந்தச் சில நாட்கள்தான்.

மலக்குடல் புற்றுநோய் அறுவையைப் பற்றி இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் 1982இல் ஒன்றைச் சொன்னார். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கிழிக்காமல் முழுதாக எடுங்கள், கட்டி மறுபடி அதே இடத்தில் முளைப்பது குறையும் என்றார். உலகமே அந்த முறைக்கு வந்தது. நிரந்தரமாக வயிற்றில் பை மாட்ட வேண்டியவர்களும் குறைந்தார்கள்.

போன மாதம் ஒரு நெசவாளர் வந்தார். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, மூணு நாளா ரத்தம் வருது" என்றார். மூன்றே நாள்! கையுறையை மாட்டிக்கொண்டு, இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன்.