லினக்ஸ் கணினியில் வைஃபை அடாப்டர்: பெட்டியைப் பார்க்காதீங்க, சிப்பைப் பாருங்க

(இ-சேவை மையம் நடத்துவோருக்கான பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லைங்க. இதழியல் படித்துவிட்டு அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதுகிற வேலை பார்க்கிறேன். இந்தத் தலைப்பில் பேசச் சம்மதிச்சதுக்கு ஒரே காரணம், இதில் நான் நல்லா அடிபட்டிருக்கேன்.

எங்க ஊரில் என் சித்தப்பா ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறார். அங்கே ரெண்டு கணினி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் பொதுவாக நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். பழைய கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்காது. தூக்கிப்போடவும் மனசில்லை. "தம்பி, நீதான் படிச்சவன், ஏதாவது பண்ணு" என்றார். லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன், நல்லா ஓடியது. வைஃபைக்காக ஒரு சின்ன யுஎஸ்பி அடாப்டர் வாங்கிச் சொருகினேன். நெட் வரவில்லை.

அன்றைக்குப் பார்த்து இன்னொரு கணினியில் கூட்டம். ஒரு அம்மா, மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குச் சான்றிதழை ஏற்ற வந்திருந்தார். கடைசி நாள். "இதோ அஞ்சு நிமிஷம்மா" என்று நான் சொன்னது ரெண்டு மணி நேரமானது. எங்கோ பார்த்த கட்டளைகளை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். அது வேறொரு சிப்புக்கானது என்று அப்போது தெரியாது. கடைசியில் அவர் பஸ் ஏறி அடுத்த ஊர் மையத்துக்குப் போனார். நல்லவேளை, அங்கே வேலை முடிந்தது. ஆனால் வெயிலில் அவர் கிளம்பிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம்தான் காரணம் புரிந்தது. கணினித் திரையில் புதிதாக ஒரு சிடி படம் தெரிந்தது. மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து விற்பார்கள். சொருகியதும் அது தன்னை ஒரு சிடி டிரைவ் என்று கணினியிடம் சொல்லும். அந்தச் சிடியை வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்தேன். சில விநாடியில் வைஃபை பட்டியல் வந்துவிட்டது. ரெண்டு மணி நேரம் போராடிய வேலை, ஒரே கிளிக்!

அன்று முதல் நான் பின்பற்றும் வரிசையைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

முதலில் எண்ணைப் பாருங்க. டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்யுஎஸ்பி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடியுங்க. நடுவில் முக்காற்புள்ளி வைத்து நாலு நாலாக எட்டு எழுத்து தெரியும். அதுதான் அடாப்டரின் அடையாளம். என் அடாப்டர் '0பிடிஏ:1ஏ2பி' என்று காட்டியது. அப்படி வந்தால் அது சிடி வேடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எஜெக்ட் செய்த பிறகு '0பிடிஏ:சி811' என்று மாறியது. அது ரியல்டெக் சிப். பெட்டியின் மேல் அச்சடித்த பெயரை நம்பாதீங்க. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற ஒரே மாடலில், முதல் பதிப்பில் ஆத்தரோஸ் சிப். அடுத்த பதிப்பில் ரியல்டெக் சிப். பெயர் ஒன்று, டிரைவர் வேறு.

இரண்டாவது, உள்ளேயே டிரைவர் இருக்கிறதா என்று பாருங்க. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வரும். மீடியாடெக் 7601 சிப்புக்கான டிரைவர் 2015-இல் வந்த கெர்னல் 4.2-இலிருந்தே இருக்கிறது. என் ரியல்டெக் சிப் குடும்பத்துக்கோ 2023-இல் வந்த 6.2-இல்தான் வந்தது. அதனால் முதலில் சிஸ்டத்தை அப்டேட் செய்யுங்க. "நெட்டே இல்லையே, எப்படிப்பா அப்டேட் செய்யறது?" என்று கேட்பீங்க. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்க. லினக்ஸ் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, ஃபர்ம்வேர். டிரைவர் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், 'சூடோ' சேர்த்து 'டிஎம்இஎஸ்ஜி' என்று அடித்துக் கடைசி வரிகளைப் படியுங்க. ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்று இருந்தால், சிப்புக்குள் போக வேண்டிய சின்னக் கோப்பு ஒன்று இல்லை என்று பொருள். டெபியனில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்புகள் நிறுவும்போதே சேர்ந்து வருகின்றன. பழைய பதிப்பில் தனியாகப் போட வேண்டும். 'ஆர்எஃப்கில்' என்றும் அடித்துப் பாருங்க. வைஃபை முடக்கப்பட்டிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் மட்டும் வெளியிலிருந்து டிரைவர். அப்போது 'டிகேஎம்எஸ்' முறையில் நிறுவுங்க. ஏன் என்றால், கெர்னல் அப்டேட் ஆகும்போது அந்த டிரைவரைத் திரும்பவும் உருவாக்க வேண்டும். டிகேஎம்எஸ் அதைத் தானே செய்துவிடும். இல்லாவிட்டால் ஒரு திங்கட்கிழமை காலையில் மையத்தைத் திறப்பீங்க, வாசலில் பத்துப் பேர் நிற்பாங்க, நெட் இருக்காது. 'செக்யூர் பூட்' ஆன் ஆகியிருந்தால், கையொப்பம் பதிவு செய்யாத டிரைவரைக் கணினி ஏற்காது. அதையும் கவனிங்க.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடாப்டர் வேலை செய்த அன்றே, அந்த எட்டு எழுத்தையும் நீங்கள் செய்ததையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி சிபியு பெட்டியில் ஒட்டிவையுங்க. நாளைக்கு நீங்கள் விடுப்பில் போனாலும், உங்கள் இடத்தில் உட்காரும் தங்கச்சிக்கோ தம்பிக்கோ அது கைகொடுக்கும். புது அடாப்டரை வேலை நாளில் சோதிக்காதீங்க, ஞாயிற்றுக்கிழமை சோதிங்க.

நமக்கு அது ஒரு சின்ன யுஎஸ்பி துண்டு. வரிசையில் நிற்கிறவருக்கு அது ஒரு சான்றிதழ், ஒரு விண்ணப்பம், ஒரு நாள் கூலி. அந்த அம்மாவை மாதிரி இன்னொருவர் நம்ம மையத்திலிருந்து திரும்பிப் போகக் கூடாதுங்க.