பெயரும் உரிமையும்
(கடலூர்ச் செம்மண்டலத் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தேநீர் பருகாத வீடு இன்று தமிழகத்தில் அரிது. அத்தேயிலையைக் கிள்ளிய விரல்கள் எவ்வினத்தாருடையவை என வினவுவோர் அதனினும் அரியர். இலங்கை மலைநாட்டுத் தேயிலைக்குப் பின்னே இருநூறாண்டுத் தமிழர் உழைப்பு நிற்கின்றது. அவ்வுழைப்பாளர் நாடு இழந்ததும், பெயர் இழந்ததும், மீண்டும் உரிமைக்கு எழுந்ததுமே இவ்வுரையின் பொருள்.

ஆங்கிலேயர் 1820களில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் அமைக்கத் தொடங்கினர். சிங்கள உழவர் தம் நிலத்தை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே, பஞ்சமும் குலக்கொடுமையும் வாட்டிய தமிழகத்துச் சிற்றூர்களுக்குக் கங்காணிகள் வந்தனர். முன்பணம் தந்தனர், அதுவே கழுத்துக் கயிறாயிற்று. மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் மாத்தளை வரை ஏறத்தாழ 150 கல் தொலைவு காட்டுவழியே நடந்தனர். கடலூரினின்று தில்லைக்கு உள்ள வழிபோல் அஃது ஐந்து மடங்கு. பசியாலும் காய்ச்சலாலும் கக்கற்கழிச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறிற்று, கங்காணியும் கடனும், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையெனக் கட்டிய வரிசை வீடுகளும் மாறவில்லை.

இம்மக்களை முதலில் ஒன்றுதிரட்டியது அவர்தம் தாய்மொழியே. தஞ்சைப் பகுதியினின்று சென்ற கோ. நடேச ஐயர் தமிழில் இதழ் நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கு ஓர் அமைப்புக் கண்டார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டந்தோறும் உரிமைப் பாக்களை எளிய தமிழில் பாடினார். எழுத்தறியாத தாய்மார் அப்பாட்டைக் கேட்டுத் தலைநிமிர்ந்தனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது காவலர் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார்.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தந்தை அம்மண்ணிற் பிறந்தமைக்கோ, பாட்டனும் பூட்டனும் அம்மண்ணிற் பிறந்தமைக்கோ சான்று காட்டச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத காலத்துத் தோட்டக் கூலியின் பேரன் எச்சான்றைக் காட்டுவான்? காடழித்து உருவாக்கிய மலையே சான்று. அதைச் சட்டம் ஏற்கவில்லை. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஏழு இலக்கத்துக்கு மேற்பட்டோர் நாடற்றோர் ஆயினர். 1947 தேர்தலில் தம் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலாது அறப்போரில் இறங்கினர். இலங்கைத் தமிழ்த் தலைவருள்ளும் சிலர் அரசின் பக்கம் நின்றமை மறைக்கத்தகாத உண்மை. செல்வநாயகம் அதனை எதிர்த்துப் பிரிந்து, 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கினார். மலையகத்தில் விழுந்த அடி பிறர்க்கும் வருமென்பதை 1956இல் வந்த 'சிங்களம் மட்டும்' சட்டம் மெய்ப்பித்தது.

உழைப்பை ஏற்று உழைப்பாளியை மறுக்கும் இவ்வறங்கெட்ட நிலை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் இசுப்பானியம் பேசும் மெக்சிகோ வழியினர் வரலாற்றையும் ஒப்புநோக்குக. 1848இல் மெக்சிகோவின் பெருநிலப்பரப்பை அமெரிக்கா கைக்கொண்டபோது, அங்கு வாழ்ந்தார்க்குக் குடியுரிமை உண்டென உடன்படிக்கையில் எழுதினர். எழுத்து ஒன்று, நடப்பு வேறு. பலர் நிலமிழந்து கூலிகளாயினர். பின்னர் 1942 முதல் 1964 வரை மெக்சிகோவினின்று பருவந்தோறும் கூலியாட்களை வரவழைத்தனர். அதற்கிடையே 1954இல் ஆயிரமாயிரம் பேரைப் பிடித்துத் துரத்தவும் செய்தனர்.

ஆயினும் அவர்கள் அடங்கிக் கிடக்கவில்லை. தம் பிள்ளைகளைத் தனிப்பள்ளியில் ஒதுக்கியதை எதிர்த்துக் கலிபோர்னியாவில் வழக்காடி 1947இல் வென்றனர். 1965இல் தெலானோ என்னும் ஊரில் கொடிமுந்திரித் தோட்டங்களில் பிலிப்பினியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சீசர் சாவேசு, தொலோரசு உவெர்த்தா ஆகியோர் வழிநடத்திய மெக்சிகோ வழியினர் அவர்களோடு கைகோத்தனர். 1966இல் தலைநகர் நோக்கி ஏறத்தாழ 340 கல் நடந்தனர். ஐந்தாண்டுக்குப் பின், 1970இல், தோட்ட முதலாளிகள் உடன்பட்டனர். 1968இல் இலாசு ஏஞ்சலிசு நகர மாணவர்கள், பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு ஒறுக்கப்படுவதை எதிர்த்து வகுப்பை விட்டு வெளியேறினர். 1975இல் வாக்குச்சீட்டிலும் அவர்தம் மொழிக்குச் சட்டம் இடந்தந்தது. இவற்றினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிறர் இழிவாக வழங்கிய 'சிக்கானோ' என்னும் பெயரை அவர்களே எடுத்துப் பெருமைப் பெயராக்கினர். பெயர் மீண்டபின் நெஞ்சும் நிமிர்ந்தது.

மலையகத் தமிழர்க்கோ பெயரும் மறுக்கப்பட்டது. 1964 அத்தோபரில் சிரிமாவோவும் சாத்திரியும் கையொப்பமிட்டு, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பகுத்தனர். அம்மக்களை எவரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் உரியராயினர். தாயகம் என்றெண்ணி வந்தோர் மண்டபம் முகாமினின்று நீலமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் பிரிந்தனர். அங்கே 'தோட்டக்காட்டான்' என இகழப்பட்டவர், இங்கே 'சிலோன்காரன்' எனப்பட்டனர். தமிழன் என்று அழைக்க இருகரையிலும் ஆளில்லை!

எஞ்சியோர் போராடினர். 1977இல் தெவன் தோட்டத்தில், தோட்ட நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்த சிவனு இலட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். 1986இல் தொண்டமான் தலைமையில் வேலையை நிறுத்தி வழிபாட்டுப் போராட்டம் நடத்தினர். 1988இல் குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சிய நாடற்றோர்க்கும் வழி திறந்தது. பறித்தது ஓராண்டில்; திரும்பப் பெற்றது ஐம்பத்தைந்து ஆண்டில். வாக்குக் கிடைத்தபின்னும் நிலவுரிமையும் வாழத்தக்க கூலியும் முழுமையாக வந்தபாடில்லை. 2023இல், இருநூறாம் ஆண்டு நினைவாக, முன்னோர் நடந்த அவ்வழியே தலைமன்னாரினின்று மாத்தளைக்கு அவர்கள் மீண்டும் நடந்தனர். முன்னோர் கூலிகளாக நடந்தனர். வழித்தோன்றல்கள் உரிமை கேட்டு நடந்தனர்.

அரசுக் கணக்கேட்டில் 'இந்தியத் தமிழர்' என்று மட்டும் குறித்துவந்ததை மறுத்து, 'மலையகத் தமிழர்' எனத் தம்மை அவர்கள் அழைத்துக்கொள்கின்றனர். தமிழகம் செய்யத்தக்க முதற்கடன் அப்பெயரால் அவர்களை அழைப்பதே. அடுத்தது, இங்கே குடியேறியவரை 'சிலோன்காரர்' என ஒதுக்காது, உறவென ஏற்பது. மூன்றாவது, இவ்வரலாற்றைத் தம் பிள்ளைகட்குச் சொல்வது.

நாளைக் காலை தேநீர்க் கோப்பை கையில் வரும்போது, தமிழீர், அம்மலையையும் அதில் நடந்த கால்களையும் நினைமின்!