ஈகையும் ஒப்புரவும்



'பிலாந்திரப்பி' கிரேக்கச் சொல். 'பிலோஸ்' என்றால் அன்புடையவர். 'அந்துரோப்போஸ்' என்றால் மனிதர். மனிதரை நேசித்தலே அதன் வேர்ப்பொருள். பணம் அதில் இல்லை.

வள்ளுவர் கொடுத்தலை இரு அதிகாரங்களில் வைத்தார். 23ஆவது ஈகை: வறியவர்க்குக் கொடுத்தல். அதற்கு முந்திய 22ஆவது ஒப்புரவறிதல்: ஊரோடு ஒத்து வாழ்ந்து உதவுதல். ஈகையில் கொடுப்பவர் மேலே நிற்கக்கூடும். ஒப்புரவில் மேல் கீழ் இல்லை.

வைத்தியசாலையில் இரத்ததானத்தைப் பாருங்கள். கொடுத்தவர் யாரென்று பெற்றவருக்குத் தெரியாது. ஆகவே அவர் எவர் முன்னும் கூனிக்குறுகுவதில்லை.

எங்கள் நூற்றாண்டு உதவியும் அப்படியே அமையட்டும். கொழும்புத்துறைப் பிள்ளைக்குக் கொப்பியும் சப்பாத்தும் கொடுப்போம். மேடையேற்றிப் படமெடுக்க வேண்டாம். நாளை அவளும் இச்சங்கத்தில் எங்களுக்குச் சமமாக அமரப்போகிறவள்.