பேச்சுரிமையும் ஜனங்களின் கோபமும்



ஒலிபரப்பில் பேச்சுச் சுதந்திரம் என்னும் விஷயத்தை ஆராயக் கூடியிருக்கும் இச்சபைக்குத் தலைமை வகிக்கும்படி என்னை அழைத்த அன்பர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. சுதந்திரத்தைப் பொதுப்படையாகப் போற்றுவதும் எளிது; அதன் எல்லைகளைப் பொதுப்படையாக வரையறுப்பதும் எளிது. இன்னார் இன்ன நாளில் பேசிய பேச்சினால் இன்னார் மனம் புண்பட்டது, அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கப் புகும்போதுதான் நம்முடைய கொள்கைகளின் பலமும் பலவீனமும் வெளிப்படுகின்றன. ஆகையால், 2007-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை உங்கள் முன் வைத்து, அதைக் கொண்டே என் அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

நியூ ஜெர்ஸி மாகாணத்து ரட்கர்ஸ் சர்வகலாசாலையின் பெண்கள் கூடைப்பந்து அணி, விவியன் ஸ்டிரிங்கர் என்னும் தேர்ந்த பயிற்சியாளரின் கீழ் தேசியச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம் வரை முன்னேறி, ஏப்ரல் 3-ஆம் தேதி டென்னஸி அணியிடம் 59-க்கு 46 என்ற கணக்கில் தோற்றது. இறுதி ஆட்டம் வரை வந்ததே பெருமை என்று ஊரார் கொண்டாடியிருக்க வேண்டிய அந்த மறுநாட் காலையில், நியூயார்க்கிலிருந்து நாடெங்கும் ஒலிபரப்பாகி, எம்.எஸ்.என்.பி.சி. தொலைக்காட்சியிலும் கூடவே காட்டப்பட்ட தம் நிகழ்ச்சியில், டான் ஐமஸ் என்னும் புகழ்பெற்ற வானொலிப் பேச்சாளர், பெரும்பாலும் கருப்பினத்தைச் சேர்ந்த அந்த மாணவிகளின் தலைமயிரை இகழ்ந்து, விலைமாதரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லையும் அதனோடு சேர்த்துச் சிரித்தார். அந்தப் பெண்கள் அவருக்கு எந்தத் தீங்கும் செய்தவர்கள் அல்லர். அரசியலில் இறங்கியவர்களும் அல்லர். படிப்பும் பந்தாட்டமுமாக இருந்த இளம் மாணவிகள்.

பிறகு நடந்தவை வெகு வேகமாக நடந்தன. ஐமஸ் மன்னிப்புக் கேட்டார். 9-ஆம் தேதி அவரை இரண்டு வாரம் விலக்கிவைப்பதாக அறிவிப்பு வந்தது. கண்டனம் பெருகப் பெருக விளம்பரம் கொடுத்துவந்த பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின. 11-ஆம் தேதி எம்.எஸ்.என்.பி.சி. அவர் நிகழ்ச்சியை நிறுத்தியது; 12-ஆம் தேதி சி.பி.எஸ். வானொலி அவரை வேலையிலிருந்தே நீக்கிவிட்டது. ஆனால், அந்த மாணவிகள் 10-ஆம் தேதி பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, அவரை நேரில் பார்த்துப் பேசப்போவதாகவே சொல்லியிருந்தார்கள். அந்தச் சந்திப்பு 12-ஆம் தேதி இரவு, மாகாணக் கவர்னரின் மாளிகையில் நடந்தது. அதாவது, அவர் வேலை போன பிறகு நடந்தது. அடுத்த நாள், அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் அறிவித்தார்கள். அவமதிக்கப்பட்டவர்கள் தங்கள் முடிவைச் சொல்வதற்கு முன்பே, அவர்கள் பெயரால் தண்டனை நிறைவேறிவிட்டது. இதுவே எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி.

ஐமஸ் நீக்கப்பட்டதால் பேச்சுச் சுதந்திரம் பறிபோய்விட்டது என்று அன்று முறையிட்டவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது சர்க்காரின் கையை. ஒரு கம்பெனி தன் ஊழியரை வைத்துக்கொள்வதையும் விலக்குவதையும் அது தொடுவதில்லை. ஒலிபரப்பை மேற்பார்வையிடும் மத்தியக் கமிஷனும் தணிக்கை செய்யலாகாது என்று 1934-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. ஐமஸ் விஷயத்தில் சர்க்கார் அவர் வாயை அடைக்கவில்லை. பேசியவர் ஒரு தனிமனிதர். அதைக் கேட்டுக் கொதித்துப் பேசியவர்களும் தனிமனிதர்கள். முன்னவர் பேச்சு சுதந்திரம் என்றால் பின்னவர் கோபமும் அதே சுதந்திரத்தின் குரல்தான். இகழ்ந்தவனுக்கு உரிமை உண்டு, இகழப்பட்டவன் சகித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது நியாயமாகாது.

சட்டம் எங்கே தலையிடுகிறது, எங்கே ஒதுங்கி நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 1973-ஆம் வருஷம் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி ஒரு பிற்பகலில் ஜார்ஜ் கார்லின் என்னும் ஹாஸ்யக்காரரின் பேச்சு ஒன்றை ஒலிபரப்பியது. ஒலிபரப்பில் சொல்லக்கூடாத சில ஆபாச வார்த்தைகளைப் பற்றிய பேச்சு அது. தம் மகனுடன் காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டுப் புகார் செய்ய, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, 1978-இல் ஐந்து நீதிபதிகளுக்கு நால்வர் என்ற கணக்கில் கமிஷனின் பக்கம் தீர்ப்பாயிற்று. உடலின் மறைவான காரியங்களைச் சொல்லும் வார்த்தை குழந்தையின் காதில் விழக்கூடாது என்று கவலைப்படும் அந்தச் சட்டத்துக்கு, ஒரு குழந்தை தன் இனத்தையே இழிவுபடுத்தும் பேச்சைக் காலை உணவின்போது கேட்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆபாசத்தை அளக்கச் சட்டத்திடம் கோல் இருக்கிறது; அவமதிப்பை அளக்க இல்லை. அப்படி ஒரு கோலைச் சர்க்காரின் கையில் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதை எந்த மந்திரி எப்போது யார்மேல் வீசுவார் என்பது யாருக்கும் தெரியாது. கொலைக்குத் தூண்டும் பேச்சு வேறு. 1994-இல் ருவாண்டாவின் ஆர்.டி.எல்.எம். வானொலி செய்தது அபிப்பிராயம் சொன்னதன்று, படுகொலைக்குத் துணைநின்றது. அதை நடத்தியவர்களுக்குச் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டனை விதித்தது முற்றிலும் சரி.

அப்படியானால் கொலைக்குத் தூண்டாத, ஆனால் மனத்தைச் சிதைக்கும் பேச்சுக்குப் பரிகாரம் யாது? இதற்கு அமெரிக்காவே ஒரு காலத்தில் ஒரு வழி கண்டிருந்தது. அதை இன்று மறந்துவிட்டார்கள். பென்ஸில்வேனியாவில் ரெட் லயன் என்னும் சிற்றூரின் வானொலியில், 1964-இல் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்னும் பாதிரியார், அரசியல் தலைவர் கோல்ட்வாட்டரை விமர்சித்துப் புஸ்தகம் எழுதிய பிரெட் குக் என்பவரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். குக் பதில் சொல்ல நேரம் கேட்டார். தாக்கப்பட்டவருக்கு அந்தப் பேச்சின் விவரத்தை அனுப்பி, அதே நிலையத்தில் பதில் சொல்ல இடம் தரவேண்டும் என்பது கமிஷனின் விதி. நிலையத்தார் மறுத்து வழக்காட, 1969-இல் சுப்ரீம் கோர்ட்டு குக்கின் பக்கமே ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஒலிபரப்பில் முதன்மையான உரிமை கேட்பவர்களுடையது, ஒலிபரப்புகிறவர்களுடையது அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்த விதி யாரையும் வாய்மூடச் செய்யவில்லை, யார் வேலையையும் பறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசியவர் பேசலாம், பேசப்பட்டவரும் அதே மைக்கின் முன் வந்து பேசலாம்.

அந்த விதி குறையற்றது என்று நான் வாதாட வரவில்லை. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களைப் பற்றிய விவாதத்துக்கு மட்டுமே அது பொருந்தியது. ஐமஸின் பேச்சு அதன் எழுத்துக்குள் அடங்கியிருக்குமா என்பதே சந்தேகம். பதில் நேரத்தின் செலவுக்கு அஞ்சி நிலையங்கள் எந்தச் சர்ச்சையையும் தொடாமல் ஒதுங்கும் என்ற ஆக்ஷேபமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. அக்காரணத்தைச் சொல்லித்தான் 1987-இல் கமிஷன் இவ்விதிக்கு அடிப்படையான தன் பாரபட்சமின்மைக் கொள்கையைக் கைவிட்டது, 2000-இல் பதில் உரிமை விதியும் மறைந்தது. ஆனால் அந்த விதி மறைந்த இடம் காலியாக இருக்கவில்லை. அங்கே விளம்பரதாரர் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் கணக்கு நியாயக் கணக்கன்று, வியாபாரக் கணக்கு. க்வென் ஐஃபில் என்னும் கருப்பினப் பெண் பத்திரிகையாளர் வெள்ளை மாளிகைச் செய்திகளை எழுதிவந்த காலத்திலேயே ஐமஸ் தம்மை இகழ்ந்ததாக 2007-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அந்த இகழ்ச்சிக்காக அன்று எந்த விளம்பரமும் நிற்கவில்லை. அதே ஐமஸ், வேலை நீக்கப்பட்ட வருஷம் முடிவதற்குள், டிசம்பர் 3-ஆம் தேதி, டபிள்யூ.ஏ.பி.சி. வானொலியில் மறுபடியும் பேசத் தொடங்கிவிட்டார். அவரை விலக்கியதும் வியாபாரம், மறுபடி அமர்த்தியதும் வியாபாரம். அந்த மாணவிகளின் குரலுக்கு இவ்விரண்டிலும் இடம் இல்லை.

ஜனங்களின் கோபத்தையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை. 2008-இல் பிரிட்டனில் ரஸ்ஸல் பிராண்டும் ஜோனதன் ராஸும் பி.பி.சி. வானொலியில் ஒரு முதிய நடிகரின் குடும்பத்தை இழிவுபடுத்திப் பேசியபோது, முதலில் வந்த புகார்கள் இரண்டே. பத்திரிகைகள் ஒரு வாரத்துக்குப் பின் கிளப்பியதும் பல்லாயிரம் ஆயின. நிகழ்ச்சியைக் கேளாதவர்களே அவர்களில் மிகுதி. அந்தப் பேச்சு கேவலமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், கோபத்தின் அளவைக் கொண்டு குற்றத்தின் அளவை நிர்ணயிப்பது நீதியாகாது.

நம் நாட்டிலும் ஒலிபரப்பு அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பொதுச்சொத்தென்றால் அதில் பேசும் உரிமையும், பேசப்பட்டபோது பதில் சொல்லும் உரிமையும் பொதுவாக இருக்க வேண்டும். இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்க வந்திருக்கும் அறிஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: எவரைத் தடை செய்யலாம் என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், இகழப்பட்டவர் அதே நிலையத்தில், அதே நேரத்தில், அதே கேட்பவர்களிடம் பேச என்ன விதி செய்யலாம், அதன் செலவை யார் ஏற்பது என்று ஆராய்ந்து, கருத்தரங்கு முடிவதற்குள் ஒரு வரைவையாவது எழுதித் தாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.